விரதமும் பட்டினியும்

2005ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்சவுக்குக் கிடைத்தவை 48 இலட்சத்து 87 ஆயிரத்து 152 வாக்குகள். ரணில் விக்கிரமசிங்கவுக்கு 47 இலட்சத்து 6 ஆயிரத்து 366. வித்தியாசம் 1 இலட்சத்து 80 ஆயிரத்து 786. நம் நாட்டுச் சட்டப்படி முதல் எண்ணிக்கையிலேயே வெல்ல, செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். அந்தப் பாதியைத் தாண்டி மகிந்தவிடம் இருந்தவை 28 ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளே. நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மட்டும் 1 இலட்சத்து 9 ஆயிரத்துக்கு மேல்.

கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். வீடு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில். தேர்தல் இரவுகளில் வானொலி தொகுதி தொகுதியாக முடிவுகளை வாசிக்க, நான் கொப்பியில் எழுதிக்கொண்டே வருவேன். யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவுசெய்த வாக்காளர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 1.21. கிளிநொச்சித் தொகுதியில் பதிவானது ஒரே ஒரு வாக்கு.

மறுநாள் முதல் கொழும்பில் ஒரு பேச்சு எழுந்தது. கடைத்தெருவிலும் கேட்டது, கோயில் மண்டபத்திலும் கேட்டது. 'வடக்குச் சனம் வாக்களித்திருந்தால் முடிவே மாறியிருக்கும். அவர்கள் சும்மா இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.' 2006இல் போர் மீண்டும் மூண்டபோது அந்தப் பேச்சு இன்னும் கடுமையானது. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு, அதைப் பழியாகவே சொன்னவர்கள் உண்டு: செய்யாமல் விட்ட வினையின் பயனை அவர்களே அனுபவித்தார்கள் என்று. கையில் திருநீறோடு நின்று அதைச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. செய்யாமல் விட்டதற்கு மனிதன் பொறுப்பாளி ஆவானா? ஆவான் என்றால், யார், எந்த அளவுக்கு? சமய நூல்கள் வைத்திருக்கும் இந்தக் கேள்வியை அந்தத் தேர்தல் கொட்டாஞ்சேனைத் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டது.

எங்கள் கடைக்கு வேலை செய்த பத்தர் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரர். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். ஏ9 பாதை திறந்திருந்த அந்தக் காலத்தில் ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தார். தேர்தல் நாளில் ஊரில்தான் இருந்தார். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"விடியக்காலமை எழும்பிக் குளிச்சு வேட்டி கட்டினனான், தம்பி. படலையடி மட்டும் போனன். ஒழுங்கையில ஒரு குருவி இல்லை. மனிசி ஒண்டும் சொல்லேல்லை. என்னையே பாத்துக்கொண்டு நிண்டவ. திரும்பி வந்து வேட்டியை மடிச்சு வைச்சிட்டன்."

"யாராவது வந்து தடுத்தாங்களா அண்ணை?"

"தடுக்க வரத் தேவையில்லை, தம்பி. வருவினம் எண்டு எல்லாருக்கும் தெரியும்."

விடுதலைப் புலிகள், தமிழ் மக்களுக்கு அந்தத் தேர்தலில் அக்கறை இல்லை என்ற நிலைப்பாட்டை எடுத்திருந்தார்கள். அவர்களைச் சார்ந்த அமைப்புகள் அதைப் புறக்கணிப்பாக அறிவித்தன. ஊரில் அது கட்டளையாக நின்றது. வடக்கு வாக்காளர்கள் அச்சுறுத்தலால் வாக்குரிமையை இழந்தார்கள் என்று ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்பாளர்கள் சொன்னார்கள். அங்கே மீண்டும் வாக்கெடுப்பு நடத்தக் கேட்டது ஐக்கிய தேசியக் கட்சி. தேர்தல் ஆணையாளர் மறுத்தார். இரண்டு நாளில் புதிய ஜனாதிபதி பதவியேற்றார்.

தெற்கிலும் இது நடந்திருக்கிறது. 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலைப் புறக்கணிக்கும்படி ஜே.வி.பி. துப்பாக்கி முனையில் ஆணையிட்டது. நாடு முழுவதும் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 55 பேர் அளவில்தான். ரணசிங்க பிரேமதாச 50.43 வீதத்தோடு வென்றார். மொனராகலையிலோ மாத்தறையிலோ அன்று கதவைச் சாத்திக்கொண்டு இருந்த சிங்களத் தாயையும் கோண்டாவில் பத்தரையும் வேறுவேறு தராசில் நிறுக்க எனக்கு மனம் வராது.

நம் மரபுகள் இதைப் பற்றிச் சொல்வதை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். வினை செய்யாமல் ஒரு கணமும் எவராலும் இருக்க முடியாது என்கிறது கீதை. சும்மா இருப்பதற்குள்ளும் ஒரு செயல் ஒளிந்திருப்பதைக் காணச் சொல்கிறது. வள்ளுவர் தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில், செய்யத் தகாததைச் செய்தால் வரும் கேட்டோடு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் வரும் கேட்டையும் சேர்த்தே வைக்கிறார். எங்கள் அயல் வீட்டுக் கத்தோலிக்கர்கள் பூசையின் தொடக்கத்தில் நெஞ்சில் தட்டிப் பாவத்தை ஏற்கும்போது, நினைத்ததையும் சொன்னதையும் செய்ததையும் மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. கடமையில் தவறியதும் அந்தப் பட்டியலில் வருகிறது. இந்த மூன்றையும் மேலோட்டமாகப் பார்த்தால், சும்மா இருந்தவன் குற்றவாளிதான் என்று தோன்றும்.

ஆனால் அதே மரபுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. புத்தர் வினையின் வேரை மனத்தின் எண்ணத்தில் வைத்தார். எண்ணம் இல்லாத இடத்தில் கை மட்டும் அசைந்தாலும் அசையாவிட்டாலும் வினை முழுமையாகாது. அச்சம் ஒரு செயலின் சுயவிருப்பைக் குறைக்கிறது என்று கத்தோலிக்க ஒழுக்கவியல் ஏற்றுக்கொள்கிறது. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை வரும் என்கிறது சைவம். அண்ணையின் மனம் படலை வரைக்கும் போயிருந்தது. காயத்தை நிறுத்திவைத்தது வேறொருவருடைய வினை.

ஆகவே வாக்களிக்காமை என்று ஒரே பெயரில் நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் ஒருவர் உணவை விடுகிறார். இன்னொருவர் வீட்டில் ஆறு நாளாக அடுப்பு எரியவில்லை. வயிறு இரண்டும் ஒரே மாதிரித்தான் காயும். முதலாவது விரதம், இரண்டாவது பட்டினி. உண்ண முடிந்தவன் விடுவதுதான் விரதம். சோற்றைப் பூட்டிவைத்துவிட்டு, இந்த ஊர் விரதம் இருந்தது என்று எவரும் புகழவும் கூடாது, இந்த ஊர் தின்னாமல் கெட்டது என்று எவரும் ஏசவும் கூடாது. 2005இல் வடக்கில் நடந்தது பட்டினி. புறக்கணிப்பு வெற்றி என்று மகிழ்ந்தவர்களும், தமிழர் தாமே தேடிக்கொண்டார்கள் என்று பழித்தவர்களும் ஒரே தவறைத்தான் இரு பக்கமிருந்து செய்தார்கள். பட்டினியை விரதம் என்று எண்ணினார்கள்.

வாக்களித்தாலும் பயனில்லை என்று உண்மையிலேயே நம்பியவர்கள் அன்று யாழ்ப்பாணத்தில் இருந்திருப்பார்கள். இரண்டு வேட்பாளரிலும் நம்பிக்கை இழக்க அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் வாக்களிக்க விரும்பியவன் போக முடியாத ஊரில், விரும்பாதவனின் மறுப்புக்கும் குரல் இல்லாமல் போகிறது. எது மறுப்பு, எது நடுக்கம் என்று எவராலும் பிரித்துப் படிக்க முடியாது. கட்டாயம் முதலில் அழிப்பது மறுப்பவனின் சாட்சியத்தைத்தான்.

உண்மையான விரதம் ஒன்றையும் அதே யாழ்ப்பாணம் கண்டிருக்கிறது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இலங்கையில் முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமையோடு தேர்தல் நடந்தது. ஹண்டி பேரின்பநாயகமும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸும், முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்று புறக்கணிப்பைக் கோரினார்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள் அந்த இளைஞர்கள். மேடை போட்டுப் பகலில் பேசினார்கள், காரணத்தைச் சொன்னார்கள், தங்கள் பெயரை முன்வைத்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் 4 ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன. அவர்கள் எண்ணத்தின் தூய்மையை நான் ஐயப்படவில்லை.

ஆனால் தூய விரதத்துக்கும் விலை உண்டு. அந்த விலையை விரதம் இருந்தவன் மட்டும் கொடுப்பதில்லை. 1934இல் இடைத்தேர்தல் வரும் வரைக்கும் அந்த 4 தொகுதி மக்களுக்கும் அரசாங்க சபையில் வாயில்லை. முதல் தடவையாக வாக்குக் கிடைத்த ஒடுக்கப்பட்ட சாதி மக்களும் பெண்களும் அதில் அடங்குவர். கையில் வந்த வாக்கை ஒரு முறையாவது போட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு அந்த ஆண்டு கிடைக்கவில்லை. வெறுமையான இடம் வெறுமையாக நிற்பதுமில்லை. 1994இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் போரின் நடுவே சில ஆயிரம் பேர் மட்டும் வாக்களித்தபோது, சுமார் 10 ஆயிரம் வாக்குகளால் ஒரே அணி 9 ஆசனங்களைப் பெற்றது. மறுப்பவன் தன் பசியோடு அயலவன் பசிக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். அதற்குத் துணிந்தவன் மட்டும் மறுக்கட்டும்.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. என் தகப்பனார் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து சிறுவனாக வந்து கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். 1947 தேர்தலில் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வாக்குரிமைத் திருத்தமும் எங்கள் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952 தேர்தலில் அவர்களில் ஒருவரும் இல்லை. மலையகத் தோட்டங்களில் மட்டும் நடந்ததல்ல அது. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளிலும் நாடற்றவர்கள் இருந்தோம். வீதியில் கள்ளத்தோணி என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் வாசலால் ஊர்வலம் போகும். எங்கள் படலையில் மட்டும் எவரும் துண்டுப்பிரசுரம் வைக்க மாட்டார்கள்.

கோயிலுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. நான் வெள்ளி தோறும் போகிற கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லால் எழுப்பியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். 1911இல் படித்த இலங்கையருக்கான ஒற்றை ஆசனத்தைத் தேர்தலில் வென்றவர். அந்தக் கற்றூண்களைத் தொடும்போதெல்லாம் அவரை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது எல்லோருக்கும் வாக்குரிமை கொடுப்பதை அவர் எதிர்த்தார். இந்துச் சமூகத்தின் ஒழுங்கு அதனால் குலையும் என்பது அவர் பக்க வாதங்களில் ஒன்று. மூட்டை சுமந்தவரின் மகனான நான் அந்த வாதத்தை அவர் எழுப்பிய சந்நிதியிலேயே நின்று மறுக்கிறேன். நடராசரின் முன் பொது மண்டபத்தில் எல்லோரும் ஒரே தரையில் நிற்கிறோம். அரசன் முன் மட்டும் படிகள் வேண்டும் என்று சொல்லும் சமயத்தை என்னால் சைவம் என்று ஏற்க முடியாது. சோற்றைப் பூட்டிவைப்பவன் எப்போதும் துப்பாக்கியோடுதான் வருவான் என்றில்லை. சில வேளை சட்டப் புத்தகத்தோடு வருகிறான், சில வேளை சாத்திரத்தோடு வருகிறான்.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எங்கள் வீட்டுக்குக் குடியுரிமை வந்தது. 1994 ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் தகப்பனாரும் நானும் முதல் தடவையாகச் சேர்ந்து வாக்களிக்கப் போனோம். புள்ளடியை எந்தப் பக்கம் சாய்த்துப் போடுவது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். "எப்படிப் போட்டாலும் சரி அப்பா, கட்டத்துக்கு உள்ளே இருந்தால் போதும்" என்றேன். இடது கைச் சின்னவிரலில் மை பூசியபோது மற்றக் கையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டார். அன்று பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள், ஐக்கிய தேசியக் கட்சிக்கு 94. 225 பேர் கொண்ட சபையில் ஆட்சியமைக்க 113 வேண்டும். முஸ்லிம் காங்கிரஸின் 7 பேர் சேர்ந்தபோது 112. நுவரெலியாவிலிருந்து சுயேச்சைக் குழுவில் வென்ற பெரியசாமி சந்திரசேகரன் சேர்ந்தபோது 113. 1948இல் எண்ணத் தகாதவர்கள் என்று தள்ளப்பட்ட மக்களின் ஒரு பிரதிநிதி அந்த அரசாங்கத்தின் பெரும்பான்மையை நிறைவாக்கினார்.

என் வாழ்நாளில் இதைவிட மனம் நிறைந்த கூட்டலை நான் போட்டதில்லை. ஆனால் இதிலிருந்து ஒரு தவறான பாடத்தையும் எளிதாகப் படித்துவிடலாம்: வாக்கு முடிவை மாற்றினால்தான் அதற்கு மதிப்பு என்று. அப்படியானால் தகப்பனார் போட்ட புள்ளடிக்கு என்ன மதிப்பு? கொழும்பு மாவட்டத்தில் அது எந்த ஆசனத்தையும் மாற்றவில்லை. கிளிநொச்சியில் விழுந்த அந்த ஒற்றை வாக்குக்கு என்ன மதிப்பு? 1 இலட்சத்து 80 ஆயிரம் வித்தியாசத்துக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்பதைக் கீதையின் வழியே நாம் சிறு வயதிலிருந்து கேட்கிறோம். வாக்குச் சாவடியில்தான் அதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. மாற்கு நற்செய்தியில், ஏழைக் கைம்பெண் ஒருத்தி ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளைப் போடுகிறாள். ஆலயத்தின் வருமானம் அதனால் ஏறவில்லை. எல்லோரையும்விட அதிகம் போட்டவள் அவளே என்கிறார் இயேசு. அவர் அளந்தது பெட்டியின் நிறையை அல்ல, கொடுத்தவளுக்கும் கொடுத்ததற்கும் உள்ள உறவை. வாக்கும் அப்படிப்பட்ட காணிக்கை. இந்த ஊர் எப்படி நடக்கிறது என்பதில் எனக்குப் பங்கு உண்டு, அதற்கு நானும் பொறுப்பு என்று ஒருவன் தன் கையால் எழுதிக் கொடுப்பது. முடிவு எப்படிப் போனாலும் அந்த ஒப்புதல் பொய்யாவதில்லை.

கடவுள் எந்தப் பக்கம் என்ற கேள்வியும் இங்கே அடங்கிவிடுகிறது. பசிபிக் சமுத்திரத்தில் சமோவா என்ற சிறு தீவு நாடு இருக்கிறது. அதன் அரச இலச்சினையிலேயே கடவுள்தான் நாட்டின் அடித்தளம் என்று பொறித்திருக்கிறார்கள். 2021 ஏப்ரலில் அங்கே தேர்தல் நடந்தபோது ஆளும் கட்சிக்கும் ஒரு புதிய கட்சிக்கும் ஆளுக்கு 25 ஆசனங்கள், ஒரு சுயேச்சை. இரு பக்கத்தாரும் ஒரே வேதத்தை வாசிப்பவர்கள், ஒரே கடவுளை வேண்டியவர்கள். சுயேச்சை உறுப்பினர் புதிய கட்சியின் பக்கம் போனார். மே 24ஆம் திகதி பாராளுமன்றக் கதவு பூட்டப்பட்டிருந்ததால் அந்தக் கட்சியின் தலைவி பியாமே நயோமி மத்தாஃபா வெளியே ஒரு கூடாரத்தில் பதவிப்பிரமாணம் செய்தார். ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய அரசாங்கத்தை உறுதிசெய்தது. அந்த ஒற்றை ஆசனத்தைக் கடவுள் கொடுத்தார் என்று ஒருவர் நம்பலாம், நான் அதில் வாதாட மாட்டேன். ஆனால் பூட்டிய கதவின் முன் தங்கள் தீர்ப்பை விட்டுக்கொடுக்காமல் நின்றது மனிதர்களின் வேலை. அந்த வேலையைக் கடவுளிடம் ஒப்படைக்க எந்தச் சமயமும் நமக்கு அனுமதி தரவில்லை.

இப்போது எங்கள் ஒழுங்கைக்கு வருகிறேன். விரதமும் இல்லாமல் பட்டினியும் இல்லாமல் மூன்றாவது ஒரு வகை இங்கே இருக்கிறது. எவரும் தடுக்கவில்லை, வாக்காளர் அட்டை வீட்டுக்கே வந்திருக்கிறது, பாடசாலை நடந்துபோகும் தூரத்தில். ஆனாலும், "எவன் வந்தாலும் நமக்கு என்ன" என்று படுத்திருப்பவர்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இந்தப் பேச்சை நான் கேட்கிறேன். அதை ஒரு ஞானம் போலச் சொல்கிறார்கள், அரசியல் அழுக்கு, எங்கள் கை சுத்தம் என்று.

கை சுத்தம் என்பதைக் கேட்கும்போது எனக்குப் பிலாத்துவின் நினைவு வருகிறது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போகிற சைவன் நான். குருத்து ஞாயிறில் மத்தேயு நற்செய்தியின் பாடுகளின் வாசிப்பையும் நின்று கேட்டிருக்கிறேன். அங்கே கூட்டத்திடம் ஒரு தெரிவு வைக்கப்படுகிறது, பரபாசா இயேசுவா என்று. கூட்டம் தவறாகத் தெரிவு செய்கிறது. அதிகாரம் முழுவதும் கையில் இருந்தவனோ தண்ணீர் கேட்டுக் கை கழுவுகிறான். இரண்டாயிரம் ஆண்டாக அந்தத் தண்ணீர் அவனைச் சுத்தமாக்கவில்லை. பயத்தால் வீட்டில் இருந்த கோண்டாவில் பத்தரைப் பிலாத்து என்று சொல்வது அநியாயம். எந்தப் பயமும் இல்லாமல் வீட்டில் இருக்கும் நாம் பிலாத்துவிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத்தான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாக்களிப்பவன் கையும் முழுச் சுத்தமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. நாம் தெரிவு செய்தவர் நாளை தவறு செய்வார். அந்தத் தவறில் நமக்கும் ஒரு துளி பங்கு வரும். அந்தப் பங்கை ஏற்பதுதான் மை. அது வேண்டாம் என்பவன் ஊரின் சோற்றில் மட்டும் பங்கு கேட்பது நீதியல்ல.

மூன்று காரியங்களை என் அயலவரிடம் கேட்கிறேன். அச்சத்தால் வாக்கிழந்தவர்கள் மேல் வினைப்பயன் என்ற சொல்லை எறியாதீர்கள். அந்த வினை, சோற்றைப் பூட்டியவருடையது. மறுக்க விரும்பினால் 1931இன் இளைஞர்களைப் போலப் பெயரோடும் காரணத்தோடும் பகலில் மறுங்கள், அதனால் அயலவனுக்கு வரும் நட்டத்தையும் சொல்லிவிட்டு மறுங்கள். தேர்தலே வராமல் போகும்போது அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணம் இல்லை என்று நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடக்க 2025 மே மாதம் ஆயிற்று. மாகாண சபைகளுக்குப் பத்தாண்டுக்கு மேலாகியும் வாக்கெடுப்பு இல்லை. துப்பாக்கி இல்லாமலே ஒரு நாட்டைப் பட்டினி போடும் வழி இது. வடக்கு 2005இல் இழந்ததை ஒரு தாமதத்தின் பெயரால் எல்லோரும் இழக்கிறோம், எவருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

நாற்பது ஆண்டு வாக்கில்லாமல் இந்தத் தீவில் மூட்டை சுமந்த ஒரு மனிதனின் மகனுக்கு அது பெரிதாகப் படுகிறது. உண்ண முடிந்த நாளில் உண்ணாதவர்களிடமும், உண்ண விடாதவர்களிடமும் நான் இதையே கேட்பேன்: உன் அயலவன் பசிக்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய்?